ஆற்று மணலை ராமன் கருவிக்குக் கொடுக்கும் முன்: துகள் அளவு பார்க்க ஒரு வழிகாட்டி

தஞ்சை, திருவாரூர், திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் ப்ராஜெக்டுக்காகக் காவிரி மண்ணை ராமன் நிறமாலைக்கு (லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் சோதனைக்கு) அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மண்ணை அள்ளிக் காயவைத்து, கல்வத்தில் மாவாக அரைத்து, குப்பியில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு) சோதனைக்கு அதுதான் முறை. ராமனுக்கு அதுவே பல நேரம் தப்பு. திரும்பி வருவது மேட்டுச் சரிவு போல ஏறிப்போகும் பின்னணியும், அதன்மேல் முளைத்தும் முளைக்காததுமாக நாலு பீக்கும் (கனிமத்தைக் காட்டும் முகடுகள்). கட்டணம் போனது போனதுதான்.

இந்த முறைக்குப் பெயர் தந்த சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவலில். வரலாறு அவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். நீங்கள் கவனிக்கவேண்டியது துகளின் அளவு மட்டும் இல்லை, லேசர் விழும் புள்ளியோடு ஒப்பிட்டால் துகள் எவ்வளவு பெரிது என்பதுதான். புள்ளி சுமார் 1 மைக்ரான். அதன் எதிரில் 200 மைக்ரான் மணல் ஒரு பாறை. லேசர் ஒரே படிகத்துக்குள்தான் இருக்கும், பீக் கூர்மையாக வரும், ஆனால் படிகம் எப்படித் திரும்பிக் கிடக்கிறதோ அதற்கேற்பப் பீக்குகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறும். துகள் சில மைக்ரானுக்கு இறங்கினால், ஒளி துகளுக்குத் துகள் முட்டிச் சிதறுகிறது, உள்ளே இறங்குவது குறைகிறது. அதனால் பெரும்பாலும் சிக்னல் தேய்ந்து பின்னணி ஏறும், பக்கத்துத் துகளின் பீக்கும் கலந்து வரும். பீக்கின் இடமே துகள் அளவால் நகர்வதும் அகலுவதும் ஏறக்குறைய 10, 20 நானோமீட்டருக்குக் கீழேதான். ஆற்று மணலிலும் வண்டலிலும் அந்த நிலைக்கு நீங்கள் போகப்போவதில்லை. ஆகவே மணலில் பீக் நகர்ந்தால் துகள் அளவை நேரடியாகக் குற்றம் சொல்லாதீர்கள். சூடு, அளவீட்டுப் பிழை, கனிமத்தின் வேதிச் சேர்க்கை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

(இனி வரும் பீக் எண்கள் எல்லாம் அலையெண்கள், ஒரு சென்டிமீட்டருக்கு என்ற கணக்கில்.)

1. கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

"என்னென்ன கனிமம் இருக்கிறது?" என்பது கேள்வியானால் அரைக்கவே வேண்டாம். 63 முதல் 250 மைக்ரான் வரையிலான மணலைப் பிரித்து, துகள் துகளாகப் பாருங்கள். "துகள் அளவு நிறமாலையை எப்படி மாற்றுகிறது?" என்பது கேள்வியானால் கலப்பு மணலைத் தொடாதீர்கள். சுத்தமான ஒரே கனிமத்தை எடுத்து, அதை மட்டும் பல அளவாகப் பிரிக்கவேண்டும். ஆற்று மணலில் அளவு மாறினாலே கனிமமும் மாறும்: பருமணலில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், நுண்மணலில் கன கனிமங்கள் (கார்னெட், சிர்கான் போன்ற அடர்த்தி கூடியவை), அதற்கும் கீழே களி. இரண்டு மாற்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்ட பிறகு எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

"எது எத்தனை சதவீதம்?" என்பது கேள்வியானால், பொடியில் பீக் உயரத்தை வகுத்து விடை சொல்ல முடியாது. குவார்ட்ஸ் நொய்யாகவும் கால்சைட் மாவாகவும் இருந்தால் குவார்ட்ஸின் 464-க்கும் கால்சைட்டின் 1086-க்கும் உள்ள விகிதம் துகள் அளவைத்தான் சொல்லும். துகள்களை எண்ணுவது ஒன்றே வழி.

2. மண் எடுக்கும் காலம், கையில் வைக்கவேண்டிய தாள்

மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. பிப்ரவரி முதல் மே வரை ஆறு வற்றிக் கிடக்கும்போது எடுப்பது சுலபம். ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் தூர்வாரிய மண்ணைக் கரையில் குவித்திருப்பார்கள். அந்தக் குவியலில் எடுக்காதீர்கள், பல வருடத்து அடுக்கு ஒன்றாகப் புரண்டு கிடக்கும். படுகையிலேயே மேல் இரண்டு அங்குலத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு இடத்துக்கு அரைக் கிலோ போதும்.

ஒரு பை மண்ணானாலும் ஆற்றில் இறங்கினால் கேட்பார்கள். எந்த ஊர், எத்தனை கிலோ, எதற்கு என்று எழுதித் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருக்கட்டும். கடற்கரை மணல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கறுப்பு மணலில் மோனசைட் இருக்கக்கூடும். அது அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். பிரித்துச் சேர்த்து வைப்பது, கூரியரில் அனுப்புவது எதையும் ப்ராஜெக்ட் வழிகாட்டியைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

3. கழுவுதல்

இதைத் தவிர்க்கிறவர்கள்தான் பின்னணி ஏறுகிறது என்று புலம்புகிறவர்கள். வண்டல் துகளின் மேல் மக்கிய பொருளும் இரும்புக் கறையும் படிந்திருக்கும். 532 நானோமீட்டர் லேசரில் மக்கு ஒளிர்ந்து பீக்கை மூடிவிடும். துகள் சிறிதாகச் சிறிதாக, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும், பூச்சும் கூடும். நுண்துகளில் ஒளிர்வு அதிகமாகத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

100 கிராம் மண்ணுக்கு 10 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரை அடங்கும்வரை, தேவையானால் இரவு முழுதும் விடுங்கள். வயல் மண் என்றால் பெரிய பீக்கர் எடுங்கள், பால் பொங்குவது போலப் பொங்கும். அமிலம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. சிப்பி, கிளிஞ்சல், சுண்ணாம்பு உங்கள் ஆய்வில் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொடாதீர்கள். வேதாரண்யம், நாகை பக்கத்து உவர் மண்ணானால், வடிந்த நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் பால் நிறம் வராமல் போகும்வரை காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். உப்புக்கு என்று கூர்மையான ராமன் பீக் கிடையாது. ஆனால் அது துகள்களை ஒட்டவைத்து, சல்லடையில் இல்லாத பருமனைக் காட்டும்.

உலர்த்துவது 40 டிகிரியில். அவசரப்பட்டு 105-க்கு ஏற்றினால் ஜிப்சம் நீரை இழந்து பசனைட் ஆகும், 1008-ல் இருந்த பீக் 1015 பக்கம் போய்விடும். அடைமழை மாதங்களில் உலர்ந்த பொடியைத் திறந்து வைத்தால் மறுநாள் காலை கட்டியாக இருக்கும். சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

4. சல்லடை

களத்தில் புடைத்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்: அரிசி வேறு, குறுணை வேறு, தவிடு வேறு. இங்கே வேண்டியது 250, 125, 63, 38 மைக்ரான் சல்லடைகள், கீழே ஒரு தட்டு. புது செட் வாங்கும் செலவு மாணவருக்குக் கட்டாது. சிவில் துறை மண் ஆய்வகத்தில் கேளுங்கள், இருக்கும். ஆனால் அவர்கள் செட் பெரும்பாலும் 75 மைக்ரானோடு நிற்கும். 63 இல்லையென்றால் 75-ஐயே வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கையில் 75 என்றே எழுதுங்கள். மெஷ் எண்ணை (ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்ற எண்) நம்பவேண்டாம். 63 மைக்ரானுக்கு ஒரு தரத்தில் 230, இன்னொரு தரத்தில் 240. மைக்ரானில் எழுதினால் சண்டை இல்லை.

20 சென்டிமீட்டர் சல்லடைக்கு ஒரு தடவை 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள், 15 நிமிடம் ஆட்டுங்கள். 63-க்குக் கீழே போவதற்குத் தண்ணீர் விட்டுச் சலிப்பதுதான் நல்லது. உலர்வாகச் சலித்தால் 5 மைக்ரான் தூசி 100 மைக்ரான் மணலின் முதுகில் ஏறிக்கொண்டு மேல் சல்லடையிலேயே தங்கிவிடும். பிறகு "பருமணல்" என்று நீங்கள் லேசர் அடிப்பது அந்தத் தூசியின் மேல்.

இரண்டு பொறிகள். சல்லடை துகளின் நீளத்தை அளப்பதில்லை: ஊசி போன்ற சில்லிமனைட் நெட்டுக்குத்தாக விழுந்து கீழே போய்விடும், தகடான மைக்கா மேலேயே நிற்கும். அடுத்தது, கண்ணியில் சிக்கிய ஒரே ஒரு கார்னெட் அடுத்த ஊர் மாதிரியில் விழுந்தால் உங்கள் முடிவே மாறும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் மெல்லிய நைலான் தூரிகை, பிறகு அல்ட்ராசானிக் தொட்டியில் ஐந்து நிமிடம். ஊசியால் குத்தி எடுத்தால் கண்ணி விரியும், அந்தச் சல்லடை அதோடு சரி.

5. 38 மைக்ரானுக்குக் கீழே: தண்ணீரில் பிரித்தல்

ஒரு லிட்டர் சிலிண்டர், 5 கிராம் நுண்துகள், துகள்கள் ஒட்டாமல் பிரிய அரை கிராம் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட், காய்ச்சி வடித்த நீர். ஒரு நிமிடம் நன்றாகக் கலக்கி நிறுத்துங்கள். குறித்த நேரம் கழித்து மேலே உள்ள 10 சென்டிமீட்டர் நீரை மட்டும் உறிஞ்சி எடுங்கள்.

அந்த நேரம் எவ்வளவு என்பதில்தான் நம் ஊரில் தப்பு நடக்கிறது. குவார்ட்ஸ் அடர்த்தி 2.65 என்று வைத்துக் கணக்கிட்டால், 2 மைக்ரான் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க 20 டிகிரி நீரில் சுமார் 7 மணி 45 நிமிடம். கையேடுகளில் இருப்பது அதுதான். ஆனால் ஏசி இல்லாத அறையில் நீர் 30 டிகிரியில் இருக்கும். சூடான நீர் இளகி ஓடும், துகள் வேகமாக இறங்கும். அதே தூரத்துக்குச் சுமார் 6 மணி 10 நிமிடம் போதும். கையேட்டு நேரத்தை அப்படியே வைத்தால் நீங்கள் எடுப்பது 2 மைக்ரான் வெட்டு இல்லை, 1.8. 20 மைக்ரானுக்கு 30 டிகிரியில் 3 நிமிடம் 40 விநாடி அளவு. சிலிண்டருக்குள் வெப்பமானி போட்டு, அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

இந்தக் கணக்கு குவார்ட்ஸுக்கு. அடர்த்தி 4 அளவுள்ள கார்னெட்டில், 2 மைக்ரான் குவார்ட்ஸோடு சேர்ந்து இறங்குவது 1.5 மைக்ரான் துகள்தான்.

ஒரு தடவை எடுத்தால் முடியாது. நீர் தெளியும்வரை ஐந்தாறு தடவை திரும்பக் கலக்கவேண்டும். 2 மைக்ரானுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஆகும். ஆகவே ஒரு மாதிரிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், நாலு சிலிண்டரை இணையாக வையுங்கள். எடுத்த களியை மையவிலக்கில் மூன்று தடவை கழுவாவிட்டால் ஃபாஸ்பேட் படலம் காய்ந்து துகள்மேல் உட்கார்ந்திருக்கும்.

6. அரைக்கத்தான் வேண்டுமென்றால்

சுத்தக் குவார்ட்ஸையோ கால்சைட்டையோ அளவுவாரியாகப் பிரிப்பவர்களுக்கு மட்டும். ஆல்கஹால் விட்டு ஈரமாக அரையுங்கள். இரண்டு நிமிடம் அரைத்து, சலித்து, நிற்பதை மட்டும் திரும்பப் போடுங்கள். மணிக்கணக்கில் உலர்வாக அரைத்தால் குவார்ட்ஸின் மேற்பரப்பு படிக ஒழுங்கை இழக்கும். பீக் தேய்வது அளவாலா, அரைத்த அடியாலா என்று பிறகு சொல்ல முடியாது. கால்சைட்டை ஆலையில் நெடுநேரம் அரைத்தால் ஒரு பகுதி அரகோனைட்டாகவே மாறும். பெரிய பீக் இரண்டுக்கும் 1085 பக்கம் என்பதால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். 282-ம் 712-ம் இருந்தால் கால்சைட், 206-ம் 702-ம் முளைத்தால் அரகோனைட்.

அகேட் கல்வம் என்பதே குவார்ட்ஸ்தான். கடினமான கனிமத்தை அதில் அரைத்தால் 464 இலவசமாகச் சேரும். அகேட்டில் மொகனைட் (சிலிக்காவின் இன்னொரு வடிவம்) கலந்திருப்பதால் 501-லும் ஒரு சின்னத் தோள் தெரியும். உங்கள் மாதிரியில் அதற்குக் காரணமே இல்லாதபோது அது வந்தால் கல்வத்தைப் பாருங்கள்.

7. ஸ்லைடில் வைப்பது

மணல் துகள் என்றால், கண்ணாடி ஸ்லைடில் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன்மேல் ஒன்றோடொன்று படாமல் தூவுங்கள். வெறும் கண்ணாடி 785 லேசரில் அகலமான ஒளிர்வு மேடு தரும். இருபக்க டேப்பும் கார்பன் டேப்பும் வேண்டாம், அவை தங்கள் பீக்கையும் சேர்த்துக் கொடுக்கும். பொடி என்றால் சிறு குழியில் ஒரு மில்லிமீட்டர் கனமாவது நிரப்பி, இன்னொரு ஸ்லைடால் அழுத்தி மட்டமாக்குங்கள். எல்லா அளவுப் பொடிக்கும் ஒரே அழுத்தம். ஒன்று தளர்வாகவும் ஒன்று இறுக்கமாகவும் இருந்தால் ஒப்பீடு கெடும்.

பழகிப் பார்க்க விலையுயர்ந்த தரமாதிரி தேவையில்லை. கடையில் விற்கும் கல் கோலமாவு போதும். கால்சைட்டா (1086), டோலமைட்டா (1097), குவார்ட்ஸா (464) என்று கண்டுபிடித்தாலே பாதிக் கை வந்துவிடும்.

8. முன்பதிவு, கட்டணம், தாள்கள்

உங்கள் கல்லூரியில் கருவி இல்லையென்றால், அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எங்கே ராமன் இருக்கிறது என்று தேடலாம். கேட்கவேண்டிய கேள்விகள் இவை: கட்டணம் மாதிரி ஒன்றுக்கா, மணிக்கா? மாணவர் சலுகை உண்டா? ஜிஎஸ்டி தனியா? நாம் கூட உட்காரலாமா? "மாதிரி ஒன்றுக்கு" என்றால் பெரும்பாலும் ஒரு புள்ளியில் ஒரு நிறமாலை. துகள் துகளாகப் பார்க்கவேண்டியவர்களுக்கு அது கட்டவே கட்டாது, மணிக்கணக்கைக் கேளுங்கள். ஒரு துகளுக்கு ஃபோகஸ் சேர்த்து மூன்று நிமிடம் வைத்தால் மணிக்கு 20 துகள். இரண்டு மணி நேரத்தில் 300 துகள் முடியும் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால், அவர் கருவி முன்னால் உட்கார்ந்ததில்லை.

வழிகாட்டி கையெழுத்திட்ட விண்ணப்பம், படிப்புச் சான்று, அடையாள அட்டை நகல், மாதிரிப் பட்டியல், நச்சில்லை என்ற உறுதிமொழி இவற்றைத் தயாராக வையுங்கள். பட்டியலில் "மண்" என்று மட்டும் எழுதினால் இயக்குபவர் தன் வழக்கமான பவரில் அடித்துவிடுவார். துகள் அளவு, எதிர்பார்க்கும் கனிமம், இரும்பு ஆக்சைடு உண்டா என்பதையும் எழுதுங்கள். மார்ச், ஏப்ரலில் எல்லாருக்கும் ப்ராஜெக்ட் முடியும் காலம், அப்போது வரிசை நீளும். மண் எடுக்கும் முன்பே இடம் பதிந்துவிடுங்கள்.

9. கருவி முன்னால்

முதல் வேலை சிலிக்கான் துண்டு. 520.7-ல் பீக் நிற்கிறதா என்று பார்த்து, அந்தக் கோப்பையும் சேமியுங்கள். மதியம் ஒரு தடவை திரும்பப் பாருங்கள்.

புள்ளியின் விட்டம், குறைந்தபட்சமாக, அலைநீளத்தை 1.22-ஆல் பெருக்கி லென்ஸின் என்.ஏ. எண்ணால் (லென்ஸ் ஒளியை எவ்வளவு அகலமாக வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண்) வகுத்தது. 532 லேசருக்கு: 10 மடங்கு லென்ஸ் (என்.ஏ. 0.25) 2.6 மைக்ரான், 50 மடங்கு (0.75) 0.87, 100 மடங்கு (0.9) 0.72. 785 லேசரில் அதே 50 மடங்குக்கு 1.28. நடைமுறையில் இதைவிடப் பெரிதாகவே இருக்கும். தனித்துகளுக்கு 50. நுண்பொடியின் சராசரி வேண்டுமென்றால் 10, அதிலும் ஒரு அளவுக்கு 20 இடமாவது. 100 மடங்கில் களியைப் பார்த்துக் கிடைத்த ஒரே நிறமாலையை "களியின் நிறமாலை" என்று போடாதீர்கள்.

பவர் விஷயத்தில் கை கூசவேண்டும். குவார்ட்ஸும் கால்சைட்டும் 10 மில்லிவாட்டைத் தாங்கும். மேக்னடைட், ஹெமடைட், கோதைட் போன்ற கருந்துகள்களுக்கு அரை மில்லிவாட்டில் ஆரம்பியுங்கள். 200 மைக்ரான் மேக்னடைட்டில் சூடு துகளுக்குள்ளேயே பரவிவிடும். 5 மைக்ரான் துகளுக்கு அந்த வசதி இல்லை: சுற்றிலும் காற்று, பக்கத்துத் துகளைத் தொடுவதோ ஓரிரு முனையில். சூடு அங்கேயே தேங்கும். முதலில் பீக் குறைந்த எண் பக்கம் சாய்ந்து அகலும், பிறகு மேக்னடைட்டின் 668 மறைந்து ஹெமடைட்டின் 225, 292, 1320 எழும். அதாவது மேக்னடைட்டை நீங்களே ஹெமடைட் ஆக்கிவிட்டீர்கள். லேசரை நிறுத்தி லென்ஸ் வழியே பாருங்கள்: கருநீலமாக மின்னிய முகத்தில் செம்பழுப்பாக ஒரு பொட்டு இருக்கும். "நுண்துகளில் ஹெமடைட் அதிகம்" என்று எழுதும் முன் அந்தப் பொட்டைத் தேடுங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரு துகளில் பவரை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது எளிய சோதனை. பீக் நகர்ந்தால் பவர் அதிகம். நகராத பவரில், அதுவும் மிகச் சிறிய துகளுக்கு நகராத பவரில், எல்லா அளவையும் எடுங்கள்.

10 விநாடி, மூன்று தடவை என்று ஆரம்பிக்கலாம். பின்னணி ஏறினால் அதே இடத்தில் லேசரை ஓரிரு நிமிடம் விட்டுவைத்தால் ஒளிர்வு வடியும். கருந்துகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

10. வந்த கோட்டைப் படிக்கும்போது

532 லேசரில் 484 பக்கம் ஒல்லியான பீக் எல்லா மாதிரியிலும் ஒரே இடத்தில் வந்தால் அது ஃபெல்ட்ஸ்பாரும் இல்லை, நகர்ந்த குவார்ட்ஸும் இல்லை. அறையின் டியூப் லைட்! அதிலுள்ள பாதரசத்தின் 546.1 நானோமீட்டர் ஒளி அந்த இடத்தில்தான் விழும். சிக்னல் குறைந்த நுண்பொடியில் இது பெரிதாகத் தெரியும். விளக்கை அணைத்துத் திரும்ப எடுங்கள்.

1008-ல் பீக் என்றால் உடனே சிர்கான் என்று குதிக்காதீர்கள், உவர் மண்ணில் ஜிப்சமும் அங்கேதான். 356, 439, 974 கூட இருந்தால் சிர்கான். 3400, 3490 பக்கம் நீரின் பீக் இருந்தால் ஜிப்சம். மோனசைட், அபடைட்டில் வரும் வரிசை வரிசையான பீக்குகள் ராமனாக இல்லாமல் அருமண் தனிமங்களின் ஒளிர்வாக இருக்கலாம். லேசரை மாற்றுங்கள், ராமன் பீக் அதே எண்ணில் நிற்கும், ஒளிர்வு இடம் மாறும்.

குவார்ட்ஸ் மணலில் 206-க்கும் 464-க்கும் உள்ள விகிதம் துகளுக்குத் துகள் மாறும். அது படிகம் கிடக்கும் திசை. இரண்டு வகைக் குவார்ட்ஸ் என்று பத்தி எழுதவேண்டாம். அதே மணலைப் பொடியாக்கி 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் விகிதம் ஒரு நிலைக்கு வந்து நிற்கும்.

கோப்புப் பெயரை எடுக்கும்போதே முழுசாக வையுங்கள்: "கொள்ளிடம், 63–125, 532, 50 மடங்கு, அரை மில்லிவாட், 10 விநாடி, 3 தடவை, துகள் 07". "சாம்பிள் 1 புதுசு" என்று வைத்த கோப்பில் இருப்பது எந்தச் சல்லடையில் நின்ற மணல் என்று ஆறு மாதம் கழித்து வைவாவில் கேட்பார்கள். பின்னணி நீக்காத மூலக் கோப்பையும் அன்றைக்கே பென்டிரைவில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.